உடைந்த செட்டை: ஸ்டோனி ஏரியில் அடிபட்ட ஒரு ஸ்டெர்ன் டிரைவ்

"தம்பி, அடிச்செட்டை போட்டுது. ஒருக்கா ஒட்டித் தருவியோ?"

ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் வந்த போன் இது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம். புரொப்பெல்லருக்குக் கீழே மீன் செட்டைபோல நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஸ்கெக், பாதிக்கு மேல் இல்லை. உடைந்த இடம் பளபளவென்று, கற்கண்டை உடைத்ததுபோலச் சொரசொரப்பாக இருந்தது.

படகு 19 அடி. உள்ளே 4.3 லிட்டர் வி6 எஞ்சின், பின்னால் மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ். படகுக்காரர் எங்கள் ஊர். யாழ்ப்பாணம் குருநகரில் அடுத்தடுத்த வீடு. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். நான் பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை ஒன்று வைத்து அலுமினியத்தை வெல்டிங் செய்து ஒட்டுகிறேன். கோடையில் வருகிற வேலையில் பாதி படகுச் சாமான்தான். ஆனாலும் இந்த வேலையை விரிவாக எழுதக் காரணம் உண்டு. செட்டையை ஒட்டப் போய், செட்டையோடு சம்பந்தமே இல்லாத பெரிய கோளாறு ஒன்று கண்ணில் பட்டது.

ஸ்டெர்ன் டிரைவ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். கியரும் புரொப்பெல்லரும் மட்டும் பின்சுவருக்கு வெளியே தொங்கும். அவுட்போட் எஞ்சினின் கீழ்ப்பாதியைக் கழற்றிக் காரின் எஞ்சினோடு பூட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்வோ பென்டா 1959இல் அக்வாமாடிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961இல் மெர்க்ரூசர் வந்தது. வட அமெரிக்க ஏரிகளில் உல்லாசப் படகு என்றால் பல காலம் இந்த அமைப்புதான். சுக்கான் என்று தனியாக ஒன்று கிடையாது. முழு டிரைவும் இடமும் வலமும் திரும்பும், திசை மாறும். அப்படித் திரும்பும்போது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பரப்பில் ஸ்கெக்குக்கும் ஒரு பங்கு. மற்ற வேலை, கல்லில் முட்டும்போது புரொப்பெல்லருக்கு முன்னால் தான் போய் அடி வாங்குவது.

எப்படி அடிபட்டது

இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டோனி ஏரி, டிரென்ட்-செவர்ன் நீர்வழியில் இருக்கிறது. கனடியக் கேடயப் பாறையின் தென் விளிம்பு அந்த ஏரிக்குள்ளேதான் ஓடுகிறது. வடகரை கருங்கல், தென்கரை சுண்ணாம்புக்கல். நடுவில் நூற்றுக்கணக்கான தீவுகளும், தீவாக முடியாமல் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்ட பாறைகளும். மிதவைகளுக்கு இடையில் போனால் ஒன்றும் ஆகாது. வெளியே போனால் கல்.

அண்ணை யங்ஸ் பொயின்ட் பக்கம் படகை இறக்கி, பர்லி அருவி வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். படகு ஓட்டும் அட்டை எடுக்கப் படிக்கும்போது எல்லாருக்கும் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: 'ரெட் ரைட் ரிட்டர்னிங்'. திரும்பி வரும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம். அண்ணை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்புகிறோம், ஆகவே சிவப்பு வலது.

அந்த 'ரிட்டர்னிங்' கடலிலிருந்து உள்நாட்டுக்கு வருவதை, அதாவது நீரோட்டத்தை எதிர்த்து மேலே போவதைக் குறிக்கும். நம் வீடு எங்கே என்று மிதவைக்குத் தெரியாது. யங்ஸ் பொயின்டிலிருந்து பர்லிக்குப் போவதுதான் மேல்நோக்கிய பயணம்; அப்போது சிவப்பு வலது. திரும்பும்போது சிவப்பு இடப்பக்கம் வர வேண்டும். இவர் எதிர்மாறாகப் பிடித்து, வாய்க்காலுக்கு வெளியே படகை விட்டுவிட்டார். நல்லகாலம், ஆட்கள் நிறைய இருந்ததால் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். "டங்" என்று ஒரு சத்தம், டிரைவ் மேலே துள்ளியது, எஞ்சின் நின்றது. தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் அதிர்ச்சி வால்வு இருப்பதால்தான் டிரைவால் அப்படித் துள்ள முடிந்தது. அது இல்லாவிட்டால் பின்சுவரே பிய்ந்திருக்கும்.

ஒட்ட மறுத்த கதை

அவர் கேட்டது எளிமையான வேலை. படகு டிரெயிலரில் நிற்கிறது, வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோய்ப் பின்னாலேயே குந்தி ஒட்டிவிட்டால் அரை மணி நேரம். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நானும் முன்பு செய்திருக்கிறேன். இந்தமுறை மாட்டேன் என்றேன்.

ஸ்கெக் உடைந்திருப்பது அடி விழுந்த முகவரி மட்டும். அடி அங்கேயே நின்றதா, மேலே ஏறியதா என்பது வேறு கேள்வி. மேலே ஏறினால் அதன் பாதை தெரிந்ததுதான்: புரொப்பெல்லர், அதன் ஷாஃப்ட், கியர்கள் இருக்கும் கூடான கியர்கேஸின் உடல், டிரைவைத் தாங்கும் கிம்பல் வளையம், பின்சுவர். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

புரொப்பெல்லர் மூன்று இலை அலுமினியம். ஒரு இலையின் நுனி நகம் கடித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். துருப்பிடிக்காத எஃகாக இருந்திருந்தால் இலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதன் பங்கு அடியும் ஷாஃப்டுக்குப் போயிருக்கும். பாறை ஏரிகளில் அலுமினியமே போதும் என்று நான் சொல்வது அதனால்தான். அடுத்து, ஷாஃப்ட் நுனியில் டயல் கேஜ் வைத்துக் கையால் மெல்லச் சுற்றினேன். முள் 0.08 மி.மீ. ஆடியது. 0.15 மி.மீ. தாண்டினால் அந்த ஷாஃப்ட் வேண்டாம் என்பது என் பட்டறைக் கணக்கு. தப்பியது. டிரைவை இடம் வலமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கிம்பல் வளையத்தில் தளர்ச்சி இல்லை. உள்ளே பின்சுவரில் டார்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்ததில் வெடிப்பு எதுவும் இல்லை. டிரைவைக் கழற்றிய பிறகு எஞ்சின் நேர்கோட்டைப் பார்க்கும் கம்பியை விட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இரண்டு விரலால் தள்ளப் போனது. சரி, அடி மேலே ஏறவில்லை.

அப்புறம் எண்ணெய்த் திருகைக் கழற்றினேன்.

கியர் எண்ணெய் தேன்போல வர வேண்டும். வந்தது பால் தேநீர். பிளாஸ்டிக் குவளையில் பிடித்து ஒரு இரவு வைத்தேன்; காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. அண்ணைக்கு அதிர்ச்சி. "கல்லில் அடிச்சதாலதானே?" என்றார். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் ஒரே பின்னேரத்தில், அடி வாங்கி நின்றுபோன எஞ்சினில், எண்ணெய் இவ்வளவு தூரம் கலங்காது. அடித்துக் கலக்க மணிக்கணக்காகச் சுற்ற வேண்டும்.

கியர்கேஸைக் காற்றால் 10 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றி, சவர்க்கார நீர் தெளித்துப் பார்த்தேன். ஸ்கெக் பக்கம் ஒரு குமிழி இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றி மீன் வாயைத் திறந்து மூடுவதுபோலக் குமிழி வந்து வந்து உடைந்தது. புரொப்பெல்லருக்கும் கியர்கேஸுக்கும் நடுவில் இருந்த வளையத்தை எடுத்தால், கறுத்துப்போன தூண்டில் நரம்பு ஏழெட்டுச் சுற்று. ஷாஃப்ட் சூட்டில் உருகி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டுக்குள் கத்திபோல இறங்கியிருந்தது. எப்படியும் இரண்டு மூன்று மாதமாவது அப்படியே ஓடியிருக்க வேண்டும்.

கல்லில் அடிக்காமல் இருந்தால் இந்த எண்ணெயை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணை ஒவ்வொரு வருடமும் மாற்றுகிற ஆள் இல்லை. தண்ணீரோடு குளிர்காலத்துக்கு ஏற்றி வைத்திருப்பார். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். ஒன்ராறியோ சனவரியில் அந்த விரிவு கியர்கேஸைப் பிளந்திருக்கும். பிளக்காவிட்டால் பெயரிங்குகள் துருவேறியிருக்கும். உடைந்த செட்டைக்கு இந்த வகையில் நன்றி சொல்ல வேண்டும்.

எதைச் செய்வது

நுனி மட்டும் போயிருந்தால் அரத்தால் ராவி வழித்துவிட்டு ஓட்டலாம். இங்கே 9 செ.மீ. இல்லை. இரண்டு பொருள் கலந்து பூசும் உலோகப் பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதல் மணல்திட்டு வரை நிற்கும். புதிய கியர்கேஸ் உடல் வாங்கலாம். ஆனால் ஷாஃப்டும் கியரும் நன்றாக இருக்கும்போது உடலை மாற்றுவது, கியர்களின் இடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து முதலிலிருந்து அமைக்கும் வேலையையும் சேர்த்து வாங்குவதாகும்.

மிச்சம் இரண்டு. ஒன்று, துருப்பிடிக்காத எஃகில் செய்த உறை. உடைந்த ஸ்கெக்குக்கு மேல் சொருகிப் போல்ட் பூட்டுவது. ஸ்கெக்கில் போதிய அளவு மிஞ்சியிருந்தால் நிற்கும், வெல்டிங் வேண்டாம், யாரும் செய்யலாம். எனக்கு அதில் இரண்டு மனக்குறை. எஃகும் அலுமினியமும் நீரில் ஒட்டி நின்றால் அலுமினியம் தின்னப்படும். நடுவில் பசை கட்டியாக நிறைந்திருந்தால்தான் தாங்கும். இன்னொன்று, அதன் வலிமை.

இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அவுட்போட்டுக்கு, இனி உடையவே கூடாது என்று, இரண்டு பக்கமும் 6 மி.மீ. எஃகுத் தகடு வைத்து நாலு போல்ட் பூட்டிக் கொடுத்தேன். ஊரில் பரவைக்கடலில் ஓடிய படகுகளில் அப்படிப் பார்த்த பழக்கம். பார்க்க யானைத் தந்தம்போல இருந்தது. அடுத்த கோடையில் திரும்பி வந்தது. செட்டைக்கு ஒரு கீறல் இல்லை. அதற்கு மேலே, கியர் இருக்கும் உருண்டைப் பகுதியின் அடிவயிறு வெடித்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. உடைய வேண்டியதை உடையவிடாமல் செய்ததால், உடையக்கூடாதது உடைந்தது. அந்தக் கியர்கேஸை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே அலுமினியத் துண்டு வைத்து ஒட்டுவது என்று முடிவு. பலமாக, ஆனால் அடுத்த அடியிலும் தானே முதலில் போகிற அளவு பலமாக.

ஒட்டுவதற்கு முன்

கியர்கேஸ், அச்சில் அழுத்தி வார்த்த அலுமினியம். சிலிக்கன் அதிகம், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. வார்க்கும்போது உள்ளே அகப்பட்ட காற்று அப்படியே நுண்குமிழிகளாக இருக்கும். இந்த இரண்டு விஷயமும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன. சிலிக்கன் இருப்பதால் நிரப்புக் கம்பி 4043. அதிலும் சுமார் 5 சதவீதம் சிலிக்கன். மக்னீசியம் உள்ள 5356 கம்பியையும் சிலர் போடுவார்கள், வலிமை கூட என்று. மக்னீசியமும் இவ்வளவு சிலிக்கனும் சேர்ந்தால் மூட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும். ஒட்டுத் துண்டுக்கு அரை அங்குல 6061 அலுமினியத் தகடு எடுத்தேன். 4043ஓடு நன்றாக ஒத்துப்போகும். வெல்டிங் சூட்டில் மூட்டை அடுத்த பகுதி மென்மையாகிவிடும் என்று இந்த உலோகத்தைக் குறை சொல்வார்கள். எனக்கு இங்கே அதுதான் தேவை. அடுத்த கல்லுக்கு முறிய ஒரு கோடு கிடைத்தது.

வடிவத்துக்கு, மரீனாவில் இதே மாதிரி டிரைவ் உள்ள படகு ஒன்றைத் தேடி, சொந்தக்காரரிடம் கேட்டு, தானிய டப்பா அட்டையை ஸ்கெக்கின் மேல் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டேன். முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே மூன்று இடத்தில் கலிப்பரால் அளந்து அட்டையிலேயே எழுதினேன். சில வேக டிரைவ்களில் செட்டை ஒரு பக்கம் லேசாக வளைந்தே வரும். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

பிறகு கீழ்ப்பாதியைப் பிரித்தேன். பிரிக்கும் முன், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதைச் சமன்செய்ய புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சின்னத் திருப்புவால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கீறிக் குறித்தேன். அதற்கு உள்ளே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். அதை மறந்துவிட்டு நெம்புகோல் போட்டு உடைத்தவர்கள் உண்டு. சீல் எப்படியும் மாற வேண்டும் என்பதால் ஷாஃப்டையும் அதைத் தாங்கும் கேரியரையும் வெளியே எடுத்தேன். வெல்டிங் சூட்டில் கருகக்கூடிய ரப்பர் எதுவும் பக்கத்தில் இல்லை. உள்ளே எண்ணெயைத் துடைத்து, திருகுத் துளைகளை எல்லாம் திறந்தே வைத்தேன், சூடேறும் காற்று வெளியே போக.

பெயிண்டை வெற்று உலோகம் வரை எடுத்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேட ஊடுருவும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். உடைந்த விளிம்பின் முன்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, முடியளவு சிவப்புக் கோடு ஒன்று ஊறி வந்தது. 2 செ.மீ. நீளம். உருண்டைப் பகுதிக்கு இன்னும் மூன்று விரல் இடம் இருந்தது. எண்ணெய் அறை வரை போயிருந்தால் அங்கேயே வேலையை நிறுத்தியிருப்பேன். கோடு முடிகிற இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, வெடிப்பை முழுவதும் தோண்டி எடுத்தேன்.

கழுவ அசிட்டோன் மட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பட்டறையின் அந்தப் பக்கமே வைப்பதில்லை. அதன் ஆவி வெல்டிங் மின்வில்லின் ஒளியில் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

ஐம்பது நிமிடம்

இரண்டு பக்கமும் சரிவு வெட்டி, நடுவில் ஒன்றரை மி.மீ. தடிப்பை வெட்டாமல் விட்டு, துண்டை நாலு இடத்தில் புள்ளி வைத்துப் பிடித்தேன். நிலக்கம்பியின் கிளிப்பை ஸ்கெக்குக்குப் பக்கத்தில், உடலின் வெற்று உலோகத்திலேயே மாட்டினேன். மேலே டிரைவ்ஷாஃப்ட் இன்னும் உள்ளே இருந்தது. கிளிப்பை அதில் மாட்டினால் மின்சாரம் பெயரிங் வழியாக ஓடி உருளைகளைப் பொட்டுப் பொட்டாகக் கருக்கிவிடும்.

புரொப்பேன் சுவாலையால் 100 பாகை வரை மெல்லச் சூடேற்றினேன். இதற்கு லேசர் வெப்பமானியை நம்ப வேண்டாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது பாதிச் சூட்டைக்கூடக் காட்டாது. குறித்த சூட்டில் உருகும் கிரேயான் கோடுதான் சரி.

மாறுமின்னோட்டம், 190 ஆம்பியர், சுத்த ஆர்கன். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு தோல் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். மாறுமின்னோட்டம்தான் அந்தத் தோலைக் கிழித்துத் தரும். தகட்டுப் பக்கம் உலோகம் கண்ணாடிபோல உருகி நின்றது. வார்ப்புப் பக்கம் பணியாரக் குழியில் எண்ணெய் கொதிப்பதுபோலக் குமுறியது. அகப்பட்ட காற்று வெளியே வருகிறது. இந்த இடத்தில் கம்பியை ஊட்டிக்கொண்டே போனால் மேலே அழகான மூட்டும் உள்ளே பஞ்சும் கிடைக்கும். முதல் ஓட்டத்தைக் கம்பி அதிகம் கொடுக்காமல் உருக்கி மட்டும் விட்டேன். கறுப்புப் புள்ளி புள்ளியாக நின்றதைச் சாணை பிடித்து எடுத்தேன். திரும்ப உருக்கினேன். மூன்றாவது தடவை குமுறல் அடங்கி, குழம்பு தெளிந்தது. அதற்குப் பிறகுதான் நிரப்பல்.

இடம் 3 செ.மீ., வலம் 3 செ.மீ. என்று மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆற விட்டு. வில் எரிந்த நேரமும் ஆறிய நேரமும் சேர்த்து ஐம்பது நிமிடம். பிரித்துப் பார்த்துப் பூட்ட ஆன நேரம் ஒன்றரை நாள்.

ஆறிய பிறகு உருண்டையின் மூக்கிலிருந்து ஷாஃப்ட் துளையின் நடு வரை நூல் பிடித்துப் பார்த்தால், செட்டையின் நுனி 2 மி.மீ. இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சுத்தியலை எடுக்கத் தோன்றும்; வார்ப்பு அலுமினியத்தில் எடுக்கக்கூடாது. வலப்பக்க மூட்டின் மேல் இன்னொரு மெல்லிய ஓட்டம் கொடுத்தேன். ஆறும்போது அது சுருங்கி, நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அரை மி.மீ. மிச்சம் நின்றது. அதைச் சாணையில் சரிசெய்தேன்.

பூட்டி இறக்கியது

இந்த டிரைவில் தண்ணீர் பம்பு கீழ்ப்பாதியின் தலையில்தான் இருக்கிறது. பிரித்த கையோடு இம்பெல்லரையும் மாற்றினேன். புதிய சீல்கள், புதிய ஓ-ரிங். திரும்பவும் 10 பிஎஸ்ஐ, பதினைந்து நிமிடம், முள் அசையவில்லை. எபொக்சி பிரைமர் இரண்டு தடவை, மேலே கறுப்பு. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை அலுமினியத்தில் நேரடியாக அடிக்கக்கூடாது. அண்ணையிடம் பாதி டப்பா மிச்சம் இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். டிரைவுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் அரிமானக் கட்டிகளைப் பார்த்தால் கடலுக்கு உரிய துத்தநாகம் பூட்டியிருந்தது. நன்னீரில் அது தூங்கும். மக்னீசியம் மாற்றினேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் இறக்கினோம். மெதுவாகப் போகும்போது மூக்கு கொஞ்சம் இடமும் வலமுமாக அலைந்தது. "இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டார். ஸ்டெர்ன் டிரைவ் எல்லாமே மெதுவாகப் போகும்போது அப்படித்தான் அலையும், ஸ்டியரிங்கைத் துரத்தாதீர்கள் என்றேன். வேகம் எடுத்ததும் நேரானது, ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. வலஞ்சுழிப் புரொப்பெல்லருக்கு அது இயல்பு. அதை அடக்கத்தான் அந்தச் சின்னத் திருப்புவால். அதன் பின்முனையைக் குறித்த கோட்டிலிருந்து ஒரு பல் வலப்பக்கம் நகர்த்திப் பூட்டினேன். அடுத்த ஓட்டத்தில் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார்.

வரும் வழியில் பாறை இருந்த இடத்தைத் தாண்டினோம். சிவப்பு மிதவை இடப்பக்கம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபரில் குளிர்காலத்துக்கு மூடும்போது எண்ணெய்த் திருகைத் திறந்து குவளையில் பிடித்தேன். தேன் நிறம். ஒரு இரவு வைத்துப் பார்த்தும் அடியில் ஒன்றும் இறங்கவில்லை. அந்தத் தானிய டப்பா அட்டை இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு இதே டிரைவோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இரண்டும் ஸ்டோனி ஏரிதான்.